ஆட்டுக்கிடைக்கு இரவுக் காவல்: துப்பாக்கியின்றி, விளக்கைக் கொண்டு நரியை விலக்கும் முறை

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில், தாமிரபரணிப் பாசனப் பகுதி வயல்களுக்கு ஆட்டு மந்தைகள் வந்து இறங்குகின்றன. பகலில் தாளையும் வரப்புப் புல்லையும் மேய்ந்துவிட்டு இரவில் ஒரே வயலில் கிடை மறிக்கப்படும், அதாவது வளைத்து அடைத்துவைக்கப்படும், ஆடுகளின் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த கார் பருவச் சாகுபடிக்கு உரமாகின்றன என்பதால், வயல்காரருக்கும் கிடைக்காரருக்கும் நெடுங்காலமாக ஒத்துவரும் ஏற்பாடு இது. ஆனால் ஊருக்கு வெளியே, மறைப்பில்லாத வெட்டவெளியில், சில நாள்களுக்கு ஒருமுறை வயல் மாறிக்கொண்டே இருக்கும் கிடைக்கு நரித் தொல்லை உண்டு. முழுதாக வளர்ந்த ஆட்டை நரி தொடுவது அரிது. பிறந்து சில வாரங்களே ஆன குட்டி, ஈன்றுகொண்டிருக்கும் தாய், நோயில் படுத்த ஆடு ஆகியவற்றைத்தான் அது நாடி வருகிறது. அந்த நரியை இரவில் எப்படி அடையாளம் காண்பது, எப்படி அண்டவிடாமல் செய்வது என்பதைக் கிடைக்காரர்களுக்கும், வயலோரத்தில் சிறு பண்ணை வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி ஏன் கூடாது

பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் இரவில் ஒளிவிளக்கை வீசி, செந்நரியின் கண்ணொளியைக் கண்டு, அது நரிதான் என்று உறுதி செய்துகொண்டு ரைபிளால் சுடுவது சட்டத்துக்கு உட்பட்ட நடைமுறை. ஆஸ்திரேலியாவில் செந்நரி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட அயல் விலங்கு. அந்த மண்ணுக்குரிய சிறு விலங்குகள் பலவற்றை அது அழித்திருக்கிறது. அந்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் ஏர்கன் வாங்கலாமா, நாட்டுத் துப்பாக்கி கிடைக்குமா என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்து நரியும், அதைவிடச் சிறியதும் வால் நுனி கறுத்ததுமான குள்ளநரியும் இந்த மண்ணிலேயே பிறந்து வாழ்பவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் இவ்விரண்டும் முதல் அட்டவணையில் உள்ளன. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சுடுவது மட்டும் வேட்டை ஆகாது; நஞ்சு வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, நாயை ஏவித் துரத்திப் பிடிப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். மனித உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் ஒரு விலங்கைக் கொன்றால் குற்றமாகாது என்று அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு ஆட்டைக் காப்பதற்குப் பொருந்தாது. உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அது தனி வழக்கு.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் நம் வயல்வெளி துப்பாக்கிக்கு உரிய இடம் அன்று. சிறிய 0.22 ரக ரைபிளின் குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லும். மேடோ குன்றோ இல்லாத சமவெளியில் தவறிய குண்டைத் தாங்க எதுவும் இல்லை. நம் வயல்களோ இரவில் ஆளற்றுக் கிடப்பவை அல்ல. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் மோட்டார் போட ஒருவர் எழுந்து போகிறார். மடை மாற்ற ஒருவர் மண்வெட்டியோடு வரப்பில் நடக்கிறார். விடியுமுன்பே பனையேறுபவர் புறப்பட்டுவிடுகிறார். அடுத்த கிடையின் ஆள்கள் தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். இருட்டில் ஒளிரும் இரண்டு புள்ளிகளை நம்பி விசையை அழுத்துவது இவர்களில் ஒருவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். நரியின் அன்றாட உணவில் வயல் எலிக்குப் பெரிய இடம் உண்டு. நண்டு, பூச்சி, செத்த விலங்கு, இலந்தைப்பழம் என எது கிடைத்தாலும் தின்னும். குள்ளநரியோ கறையான், வெட்டுக்கிளி, எலி ஆகியவற்றைத் தின்று வாழும் மிகச் சிறிய விலங்கு. ஆட்டுக்கு அதனால் தீங்கு வந்ததாக நான் கண்டதில்லை. நரி குறைந்ததனால்தான் மயில் பெருகிவிட்டது என்று மானூர்ப் பக்கத்து விவசாயிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நிறுவ என்னிடம் கணக்கு இல்லை; ஆனால் தரையில் முட்டையிடும் பறவையின் கூட்டை நரி விட்டுவைக்காது என்பது மெய். ஆகவே கிடையை விட்டு நரி விலகிப் போனால் போதும். அது ஊரை விட்டே ஒழிய வேண்டியதில்லை.

முதலில், யார் வேலை என்று அறிதல்

காலையில் ஒரு குட்டி செத்துக் கிடந்தாலே நரி என்று முடிவுகட்டிவிடுவது நம் வழக்கம். நான் பார்த்த அளவில், நரியின் மேல் விழும் பழியில் பெரும்பங்கு தெருநாய்களுக்கு உரியது. ஒரு பங்கு, பிறக்கும்போதே இறந்த குட்டிகளைப் பற்றியது. காவலை எந்தத் திசையில், எந்த வகையில் போடுவது என்பது இந்த முடிவைப் பொறுத்ததால், செத்த குட்டியைத் தூக்கி எறியுமுன் அரை மணி நேரம் செலவிட்டுப் பார்ப்பது வீண்போகாது.

கையுறை அணிந்துகொண்டு குட்டியை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குளம்பின் அடி நுனியில் மெழுகைப் போன்ற மென்மையான மஞ்சள் படலம் தேயாமல் அப்படியே இருந்தால், அந்தக் குட்டி எழுந்து நடக்கவே இல்லை. மார்பைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால், ஒருமுறையேனும் மூச்சிழுத்த குட்டியின் நுரையீரல் மிதக்கும். மூச்சே விடாத குட்டியின் நுரையீரல் மூழ்கும். அடுத்து, கடிபட்ட இடத்தில் தோலை உரித்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாகப் பரவியிருக்கும். செத்தபின் கடித்ததாக இருந்தால் பல் பட்ட துளை இருக்கும், ரத்தக்கட்டு இராது. வெளியே எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும், உள்ளே ரத்தக்கட்டு இல்லையென்றால் நரியோ நாயோ பிணத்தைத்தான் தின்றிருக்கிறது. அப்போது நீங்கள் தேட வேண்டியது குட்டி இறந்ததற்கான வேறு காரணத்தை: தாயிடம் பால் இல்லாமை, இரவுக் குளிர், நோய் போன்றவற்றை.

உயிரோடு கடிபட்டதுதான் என்று தெரிந்தால், கடித்த விதம் பேசும். நரி பெரும்பாலும் ஒரு குட்டியைக் கழுத்திலோ தொண்டையிலோ பற்றி, இழுத்துக்கொண்டே போய்விடும். தின்ற மிச்சம் கிடைத்தால் வயிற்றுப்பக்கம் திறந்திருக்கும். குடலும் ஈரலும் முதலில் போயிருக்கும். தெருநாய்க் கூட்டம் அப்படியன்று. ஒரே இரவில் பல ஆடுகளைப் பின்னங்கால், விலா, காது என்று கண்ட இடத்தில் குதறும். பெரும்பாலும் தின்னாமலே போகும். பெரிய ஆடுகளும் அடிபட்டிருக்கும். மலையடிவாரத்தில் சிறுத்தை வந்திருந்தால் தொண்டையில் ஆழமான கடியும், கனத்த உடலை இழுத்துச் சென்ற தடமும் இருக்கும்.

கிடையைச் சுற்றி ஈரமண் இருந்தால் காலடியையும் பாருங்கள். நரியின் தடம் நாயின் தடத்தைவிட ஒடுங்கி நீண்டிருக்கும். நடுவிரல்கள் இரண்டின் மெத்தைகளும் பின்புறத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது நரிக்கே உரிய அடையாளம். நாயின் விரல்கள் பரந்து விலகியிருக்கும். வரப்பின் மேலோ கல்லின் மேலோ, மயிரும் இலந்தைக் கொட்டையும் கலந்த எச்சம் கிடந்தால் அது நரி போய்வரும் பாதை.

கிடையை அமைப்பதில் பாதி வேலை முடியும்

விளக்கைப் பற்றிச் சொல்லுமுன் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிடை சரியில்லை என்றால் இரவு முழுவதும் கண்விழித்தாலும் குட்டி போகும்.

சீமைக்கருவேல் மண்டிய ஓடையோரம், இடிந்த கிணறு, புதர் மூடிய குளத்துக்கரை ஆகியவற்றுக்கு அருகில் கிடை மறிக்க வேண்டாம். நரி மறைவிலிருந்து மறைவுக்குத் தாவியே வரும். ஆட்டுக்கிடைக்கும் புதருக்கும் இடையே வெறும் தரை எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது தயங்கும். வயல்காரர் எந்த வயலைக் காட்டினாலும், அதன் நடுவில் மறிப்பதா, ஓரத்தில் மறிப்பதா என்பதைக் கிடைக்காரர் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது எல்லோரும் நைலான் வலையால் கிடை கட்டுகிறார்கள். தூக்கிச் செல்ல எளிது, விரைவாகக் கட்டலாம். அதன் குறை அடிப்பகுதியில் இருக்கிறது. ஆடு சாயும்போது வலை தரையை விட்டு எழும்பும். கைவிரல் அகல இடைவெளி கிடைத்தால் நரி மூக்கை நுழைத்துத் தரையைப் பறிக்கத் தொடங்கும். ஆகையால் வலையின் அடியை வெளிப்பக்கமாக ஒரு முழம் தரையில் படுக்க விட்டு, அதன்மேல் உடைமுள்ளை நெருக்கமாகப் போட்டு, கல்லை ஏற்றி வைக்க வேண்டும். நெல்லைச் சீமையின் உடைமரம் இதற்கென்றே வளர்ந்ததோ என்று தோன்றும் அளவுக்கு அதன் வெள்ளை முள் நீளமும் உறுதியும் கொண்டது. சீமைக்கருவேல் முள்ளும் உதவும். நிலையான பட்டி என்றால் பனைமட்டை வேலிக்கு உள்ளே வலையையும் கட்டிவிடுங்கள்.

ஒரு மாதம் நிறையாத குட்டிகள் இரவில் திறந்த கிடையில் கிடக்கவே கூடாது. கிடையின் நடுவில் மூங்கிலாலோ கம்பி வலையாலோ செய்த மூடிய கூண்டில் அடைத்து, காவலாளின் கட்டிலை அதன் பக்கத்தில் போட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே நரி வருவதற்கான முதன்மைக் காரணம் நீங்கிவிடுகிறது. அடுத்த காரணம் வாசனை. ஆடு ஈன்றதும் விழும் இளங்கொடியை வரப்பில் வீசுவதும், செத்த குட்டியை ஓடையில் எறிவதும், நரிக்கு நாமே சோறு வைத்து அழைப்பதாகும். இரண்டு முழத்துக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே முள் போட வேண்டும். சாலையோரம் கோழிக்கடைக் கழிவு கொட்டப்படும் இடம் பக்கத்தில் இருந்தால், அங்கே தெருநாயும் நரியும் நாள்தோறும் வருகின்றன என்று கொள்ளலாம். அதை நிறுத்தச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுப்பது காவலின் ஒரு பகுதியே.

காவல்நாயைப் பற்றி ஒரு கருத்து. சிப்பிப்பாறையும் கன்னியும் நம் பக்கத்துப் பெருமைக்குரிய நாய்கள்தாம். ஆனால் அவை ஓடித் துரத்துவதற்குப் பிறந்தவை. கிடையை விட்டு நெடுந்தொலைவு ஓடிவிடும். அந்த நேரத்தில் மறுபக்கம் காவலின்றிக் கிடக்கும். அவை நரியைப் பிடித்துவிட்டால் சட்டச் சிக்கலும் வரும். குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்ந்த, இடத்தை விட்டு நகராமல் குரைக்கும் சாதாரண நாட்டுநாய் இரண்டு இருந்தால் போதும். வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவிடுங்கள்.

விளக்கும் அதைப் பிடிக்கும் விதமும்

நரி, நாய், பூனை, ஆடு, மாடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. நாம் அனுப்பும் ஒளி வந்த வழியே திரும்புவதால்தான் இருட்டில் கண்கள் ஒளிர்கின்றன. இதிலிருந்து ஒரு செய்முறை விதி பிறக்கிறது: விளக்கு நம் கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கண்ணொளி தெரியும். இடுப்பளவில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தேடுபவருக்குத் தெரியாத விலங்கு, நெற்றிப்பொட்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். ஆகவே தலையில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு ஒன்றும், தொலைவுக்கு வீசும் கைவிளக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது கைவிளக்கைக் காதோரம் உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

வீச்சு மெதுவாக இருக்க வேண்டும். விளக்கை வேகமாகச் சுழற்றினால், அந்த நொடியில் தலையைத் திருப்பியிருந்த விலங்கு தப்பிவிடும். வயலின் தொலை ஓரத்தில் தொடங்கி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கொண்டுபோய், பிறகு சற்று அருகில் இறக்கி மீண்டும் கொண்டுவாருங்கள். வரப்பு மூலைகளிலும் வைக்கோல் படப்பின் ஓரத்திலும் நின்று பார்க்க வேண்டும்.

புள்ளிகள் தெரிந்தபின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரே விலங்கின் கண் கோணத்துக்கு ஏற்ப மஞ்சளாகவும் பச்சையாகவும் வெள்ளையாகவும் தெரியும். உயரம், இடைவெளி, அசைவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். நரி முழங்கால் உயரத்தில் நிற்கும். ஒளி பட்டதும் ஒரு கணம் உற்றுப் பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் சில அடி ஓடும், மறுபடி நின்று திரும்பிப் பார்க்கும். கிடையைச் சுற்றி வளைந்து நகரும் இந்த நின்று நின்று பார்க்கும் நடைதான் அதற்கு உறுதியான அடையாளம். தெருநாய் பெரும்பாலும் ஒளியை நோக்கி நேராக வரும், அல்லது குரைக்கும். இரண்டு மூன்று சோடிக் கண்கள் ஒன்றாக இருக்கும். பூனையின் கண் தாழ்ந்து, பதுங்கி, நகராமல் இருக்கும். முயலுக்குப் பெரும்பாலும் ஒரு கண்தான் தெரியும், செம்மையாக, தரையை ஒட்டி. வண்டித்தடத்தில் ஒற்றைத் தணலாக ஒளிர்ந்து, நெருங்கியதும் ஓசையின்றிப் பறப்பது பக்கிப் பறவை. புல்லில் இறைந்து கிடக்கும் நுண்ணிய மினுமினுப்புகள் சிலந்திகளின் கண்கள்.

காட்டுப்பன்றியை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. அதன் கண்ணில் அந்தப் படலம் இல்லை. வாழைத் தோட்டத்தின் பக்கம் விளக்கை வீசி, கண் தெரியவில்லை என்று தைரியமாக உள்ளே நடந்துபோவது ஆபத்து. பன்றிக்குக் காதைத்தான் நம்ப வேண்டும்: முறிபடும் ஒலி, உறுமல், மண்ணைக் கிளறும் ஓசை.

இரண்டு பேர் காவலுக்கு இருக்கும்போது, பார்ப்பவர் ஒருவராகவும் விரட்டுபவர் மற்றவராகவும் இருப்பது நல்லது. பார்ப்பவரின் விளக்குக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றைக் கட்டிக்கொண்டால், நரி அவ்வளவாக மிரளாமல் நிற்கும். அடையாளம் காண நேரம் கிடைக்கும். எங்கள் ஊர்க் கிடைகளில் அனுபவமுள்ள பெரியவர்கள், வயல்காரர் பதற்றத்தில் கம்பை எடுக்கும்போது, “அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. அது நரியில்லை, மேலத்தெரு நாய். நரின்னா நம்மளை நேராப் பார்த்து வராது” என்று சொல்லி நிறுத்துவதைக் காணலாம். அந்தச் சில நொடிப் பொறுமையைத்தான் புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நரி என்று உறுதியானபின் வெள்ளை ஒளியை அதன் முகத்தில் நேராக வீசி, அணைத்து, சீரற்ற இடைவெளியில் மீண்டும் வீசுங்கள். கூடவே தகரத்தைத் தட்டி, குரல் கொடுத்து, இரண்டு பேரும் வெவ்வேறு இடத்திலிருந்து அசைய வேண்டும். கிடையின் எல்லையைத் தாண்டிப் பின்தொடர வேண்டாம். அது போய்விட்டபின் எதிர்ப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். சோடியாக வேட்டையாடும் பழக்கம் நரிக்கு உண்டு. ஒன்று நம் கவனத்தை இழுத்து நிற்கும்போது மற்றது மறுபக்கத்தில் இருக்கலாம்.

ஆள் இல்லாமல் தானாக மினுங்கும் விளக்குகளும் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் நரியை விலக்குவதற்கென்றே உருவாக்கிய பாக்ஸ்லைட் என்னும் விளக்கு, ஒழுங்கில்லாத இடைவெளியில் நிறம் மாறி மாறி மினுங்கி, யாரோ டார்ச்சோடு நடப்பதைப் போன்ற தோற்றத்தைத் தரும். அதே கருத்தில் உள்ளூரில் விற்கும் சூரிய ஒளி மினுங்கு விளக்குகளையும் பயன்படுத்தலாம். ஒரே இடத்தில் ஒரே சீராக மினுங்கும் விளக்குக்கு நரி சில நாள்களிலேயே பழகிவிடும் என்பதால், இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒருமுறை இடத்தையும் உயரத்தையும் மாற்றியே தீர வேண்டும். பழைய சேலையைக் கட்டுவதும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதும் இதே காரணத்தால் ஒரு வாரத்துக்கு மேல் பயன் தருவதில்லை. ஒளியைச் சாலைப் பக்கமும், ரயில் பாதைப் பக்கமும், அடுத்தவர் வீட்டுப் பக்கமும் திருப்பாதபடி முன்கூட்டியே பகலில் நின்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவின் ஒழுங்கு

அந்தி மயங்கும் நேரத்தில் நரிகள் ஊளையிட்டால் அது காவலாளுக்குக் கிடைக்கும் இலவசச் செய்தி. எந்தத் திசை, ஏறத்தாழ எவ்வளவு தொலைவு, ஒரு கூட்டமா இரண்டு கூட்டமா என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டால் அன்றைய இரவில் எந்தப் பக்கம் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பொழுது சாய்ந்தபின் வரும் இரண்டு மணி நேரமும், விடியலுக்கு முந்திய இரண்டு மணி நேரமும் நரியின் நடமாட்டம் மிகுந்திருக்கும். ஆள் குறைவாக இருந்தால் நள்ளிரவில் உறங்கி இந்த இரண்டு வேளையிலும் விழித்திருப்பதே அறிவுடைமை. பலர் முன்னிரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு, நான்கு மணிக்கு அயர்ந்து உறங்கிக் குட்டியைப் பறிகொடுக்கிறார்கள்.

காற்றை மறந்துவிடக் கூடாது. நரி மோப்பம் பிடித்து வரும் விலங்கு. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் கிடையை நெருங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து மேல்காற்று வலுவாக வீசும்போது கிடையின் கிழக்குப் பக்கத்திலும், வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கு, தென்மேற்குப் பக்கங்களிலும் நாயைக் கட்டுங்கள். காவலாள் அந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார வேண்டும். மேல்காற்று பலமாக இருக்கும் இரவில் ஓசை எதுவும் காதில் விழாது. அந்த இரவுகளில் விளக்கு வீச்சை இரட்டிப்பாக்க வேண்டும்.

நரியைவிட நமக்கு நேரான ஆபத்து பாம்பு. தாள் வயலில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். தொலைவில் தேடும் விளக்கு கையில் இருக்கட்டும். தலைவிளக்கின் ஒளி எப்போதும் அடுத்த அடி வைக்கும் இடத்தில் விழட்டும். முழங்கால் வரை மறைக்கும் ரப்பர் பூட்ஸ் அணிந்து, கம்பால் தரையைத் தட்டியபடி நடக்க வேண்டும். உறங்குவது கயிற்றுக்கட்டிலில், கொசுவலையின் ஓரங்களை அடியில் செருகிக்கொண்டு. தரையில் படுப்பவரின் போர்வைக்குள் கட்டுவிரியன் புகுந்து கடிப்பதும், கடித்தது தெரியாமலே மூச்சு நின்றுபோவதும் நம் கிராமங்களில் நடப்பவை. கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

கிடையைச் சுற்றி மின்கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்துக் கம்பி கட்டுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். நரியைக் காட்டிலும் மனிதரே அதில் அதிகம் சாவதற்கு வாய்ப்பு. அது குற்றமும் ஆகும். அளவான துடிப்பாக அதிர்ச்சி தரும் சூரிய மின்வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு விதிகள் வந்துள்ளன. அமைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, உரிய அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பூச்சிக்கொல்லியான குருணை மருந்தைக் கறியில் கலந்து வைப்பதும், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைப்பதும் இதே வகைக் கொடுமைகள். அவற்றால் முதலில் சாவது பெரும்பாலும் நம் நாயும், பருந்தும், மயிலும். அவுட்டுக்காயால் மாட்டின் வாய் சிதறியதைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி மறுபடி பேசமாட்டார்கள்.

மலையடிவார ஊர்களுக்கு

களக்காடு, மணிமுத்தாறு, பாபநாசம் ஆகிய பக்கங்களில், 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிக் கிடை மறிப்பவர்களுக்கு மேற்சொன்னவற்றில் ஒரு மாற்றம் உண்டு. அங்கே இருட்டில் ஒளிரும் கண் சிறுத்தையுடையதாகவும் கரடியுடையதாகவும் இருக்கலாம். தனியாக எழுந்து போகக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்தே நிற்க வேண்டும். குனியக் கூடாது, ஓடக் கூடாது. கண்கள் பெரியனவாக, இடைவெளி அகன்று, அசையாமல் உற்று நோக்கினால், விரட்டும் முயற்சியை விட்டுவிட்டு, எல்லா விளக்குகளையும் ஏற்றி, ஓசை எழுப்பியபடியே வனத்துறையை அழைக்க வேண்டும். ஆடுகளை அங்கே வலைக்கிடையில் விடுவதைவிட, கூரையுள்ள கொட்டிலில் அடைப்பதே சரி.

இழப்பு நேர்ந்தால்

ஆடு செத்துக் கிடந்தால் உடலை நகர்த்தாமல், காலடித் தடங்களின் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்து, கைப்பேசியில் நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தடத்தின் பக்கத்தில் ஒரு நாணயத்தையோ தீப்பெட்டியையோ வைத்துப் படமெடுத்தால் அளவு தெரியும். வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே தகவல் கொடுத்து, கால்நடை மருத்துவரின் சான்று பெற்ற பிறகே புதைக்க வேண்டும். கால்நடையை வனவிலங்கு கொன்றால் அரசின் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தோலுரித்துப் பார்க்கும் சோதனையைக்கூட மருத்துவர் வந்தபின் அவர் முன்னிலையில் செய்வது விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.

பட்டப்பகலில் ஒரு நரி தள்ளாடியபடி ஆள்களை நோக்கி வந்தாலோ, விளக்குக்கும் குரலுக்கும் அஞ்சாமல் நெருங்கினாலோ, அதற்கு வெறிநோய் இருக்கலாம் என்று கருதி விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். யாரையாவது அது கடித்தோ கீறியோ விட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ எதையும் அப்பாமல், அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தையும் கேட்டுப் பெற வேண்டும். கடிபட்டுப் பிழைத்த ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துத் தனியே கட்டி, கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை அதன் வாயில் கைவைக்காமலும், பாலைக் கறக்காமலும், விற்காமலும் இருக்க வேண்டும்.